உரமூட்டைக்குள் இருக்கும் ஐதரசன்

2021இல் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்த பின் இலங்கையின் தேயிலை விளைச்சல் சரிந்தது. பசறையிலோ அப்புத்தளையிலோ கொழுந்தின் எடை குறைந்தால் அரைப்பேர்தான் (அரைநாள் சம்பளம்தான்) விழும். தேயிலைக்குப் போடும் யூரியா உரமூட்டையின் பின்னால் இருப்பது ஐதரசன். யூரியாவுக்கு அமோனியா வேண்டும், அமோனியாவுக்கு ஐதரசன் வேண்டும். உலகம் அதைப் பெரும்பாலும் இயற்கை வாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் எடுக்கிறது.

தண்ணீரிலிருந்தும் எடுக்கலாம். பக்ரா அணை மின்சாரத்தால் நீரைப் பிரித்து, பஞ்சாபின் நங்கலில் 1960களிலேயே உரம் செய்தார்கள். ஒரு கிலோ ஐதரசனுக்கு 9 லீற்றர் நீர் போதும்; மின்சாரமோ ஏறத்தாழ 50 அலகு போகும். கொள்கையளவில் 1.23 வோல்ற்றில் நீர் பிரியும், தொழிற்சாலை வேகத்துக்கு 1.8, 2 என்று ஏற்ற வேண்டியிருக்கிறது. அந்த மிகுதியைக் குறைப்பதுதான் ஊக்கியின் வேலை.

ஒட்சிசன் பக்கம்தான் பிடிவாதம். நான்கு இலத்திரன்களைப் பறித்து, இரண்டு ஒட்சிசன் அணுக்களைக் கோத்துவிட வேண்டும். அமில ஊடகத்தில் அதைச் செய்து தாக்குப்பிடிப்பது இரிடியம். உலகம் முழுவதிலும் ஆண்டுக்குச் சில தொன்களே கிடைக்கும் உலோகம் அது. காரக் கரைசலில் நிக்கலும் இரும்புமே போதும்.

இரும்பின் இந்தப் பங்கு தெரியவந்த விதம் எனக்குப் பெரு வியப்பு. நிக்கல் மின்கலம் செய்தவர்களுக்கு இரும்பு வெறும் அழுக்கு. மின்னேற்றும்போது ஒட்சிசன் குமிழிகளைக் கிளப்பி மின்சாரத்தை வீணாக்கியது. 1987இல் ஆய்வாளர் டெனிஸ் கொரிகன் அந்தக் குறையையே அளந்தார். துளியளவு இரும்பு சேர்ந்தாலே ஒட்சிசன் வெளியேறுவது மிக எளிதானது. 2014இல் ஒரிகன் பல்கலைக்கழகத்தில் கரைசலிலிருந்து இரும்பை நீக்கிப் பார்த்தார்கள், நிக்கல் மந்தமாகிவிட்டது.

காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகத்திலும் இத்தகைய மலிவு ஊக்கிகளை ஆராய்கிறார்கள். கடற்பஞ்சு போலத் துளைகள் நிறைந்த நிக்கலின் மேல் இரும்பு கலந்த ஐதரொட்சைட்டு மெல்லிய பூச்சாகப் படிய வேண்டும். குமிழி மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டால் அந்த இடம் வேலை செய்யாது. துளைகளின் வழியே அது விரைந்து கழன்றுவிட வேண்டும்.

மின்சாரம் விட்டுவிட்டு வந்தால் மின்னோட்டம் எதிர்த்திசையில் பாய்ந்து நிக்கல் மின்வாயைக் கெடுக்கும். அதனால் மாலையில் அணையும் சூரிய மின்சாரத்தைவிட, இரவிலும் ஓடும் நீர்மின்சாரம் இதற்கு ஏற்றது. ஊவாவில் 2024 ஏப்ரலில் திறக்கப்பட்ட உமா ஓயா நீர்மின் திட்டம் 120 மெகாவாற் திறனுடையது. அதன் சுரங்கம் தோண்டியபோது பண்டாரவளைப் பக்கத்தில் கிணறுகள் வற்றியதை மறக்க முடியாது. ஊவாவில் ஐதரசன் ஆலை பற்றி யாராவது பேசினால், ஓடைகள் மெலியும் ஜூலை முதல் செப்டெம்பர் வரையான நீரளவைத்தான் முதலில் கேட்க வேண்டும்.