வீடியோ பிளேயருக்கு எஸ்.எம்.எஸ். எதற்கு?

மட்டக்குளியிலிருந்து இரத்மலானைப் பக்கம் போகும் 155ஆம் இலக்க பஸ்ஸில் பலரின் கையில் படமோ பாட்டோ ஓடிக்கொண்டிருக்கும். ஓட்டுவது பெரும்பாலும் ஏதாவதோர் இலவச பிளேயர். சிலர் அதை பிளே ஸ்டோரில் தேடி இறக்கியிருப்பார்கள். சிலருக்கு, சிப்பில் படம் ஏற்றிக் கொடுத்த போன் கடைக்காரரே பிளேயரையும் போட்டுக் கொடுத்திருப்பார். இன்னும் சிலர் வட்ஸ்அப்பில் வந்த லிங்கைத் தொட்டு, "இந்த வீடியோவைப் பார்க்க பிளேயரைப் புதுப்பிக்கவும்" என்ற அறிவிப்புக்கு ஓகே சொல்லியிருப்பார்கள். வங்கிக் கணக்கைக் காலி செய்பவர்கள் காத்திருப்பது இந்தக் கடைசி வழியில்தான்.

2021இல் ஐரோப்பாவில் இது நடந்தது. டீபொட் என்ற வங்கித் திருட்டு நிரல், வி.எல்.சி. பிளேயரின் பெயரையும் சின்னத்தையும் போர்த்திக்கொண்டு ஆண்ட்ராய்டு போன்களுக்குள் புகுந்தது. உண்மையான வி.எல்.சி.க்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வி.எல்.சி. பாரிஸ் மாணவர்கள் 1996இல் தொடங்கிய வேலை. இலாப நோக்கற்ற அமைப்பொன்று இன்றும் அதை விளம்பரம் இல்லாமல் தருகிறது. அந்த நல்ல பெயரைத்தான் களவெடுத்தார்கள். போலி பிளேயர் போனில் ஏறியதும் அக்சஸிபிலிட்டி அனுமதியைக் கேட்டது. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்குத் திரையை வாசித்துக் காட்டவும், அவர்களுக்காகப் பொத்தானை அழுத்தவும் உண்டான வசதி அது. அதைக் கொடுத்துவிட்டால் நிரல் திரையைப் படிக்கும். நீங்கள் தட்டும் கடவுச்சொல்லைக் குறித்துக்கொள்ளும். வங்கி அனுப்பும் ஓ.டி.பி.யையும் எடுத்துவிடும்.

ஒரு பிளேயருக்கு உண்மையில் தேவைப்படுவது கொஞ்சம்தான். உங்கள் வீடியோவையும் பாட்டையும் திறக்க அனுமதி வேண்டும். வி.எல்.சி. போன்றவை எல்லாக் கோப்புகளையும் பார்க்கக் கேட்பதுண்டு. சப்டைட்டில் கோப்புகளைக் கண்டுபிடிக்க அது உதவும். படத்தைச் சிறு பெட்டியாக மிதக்கவிட, மற்றச் செயலிகளின் மேல் தெரிவதற்கான அனுமதியையும் சில கேட்கும். இதைக் கொடுக்குமுன் யோசியுங்கள். உங்கள் வங்கிச் செயலியின் மேல் போலி உள்நுழைவுப் பக்கத்தை விரித்து வைக்கவும் இதே அனுமதி போதும். எஸ்.எம்.எஸ்., தொடர்பு இலக்கங்கள், அழைப்புப் பட்டியல், அக்சஸிபிலிட்டி ஆகியவற்றில் ஒன்றைக் கேட்டாலும் அந்த பிளேயரை அழித்துவிடுங்கள். படம் காட்ட அவை எதற்கு?

நல்ல பிளேயரையும் பழசாக விட்டுவைக்க வேண்டாம். சப்டைட்டில் கோப்பு வழியாகவே சாதனத்தைக் கைப்பற்ற முடியும் என்று செக் பாயிண்ட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் 2017இல் காட்டியது. வி.எல்.சி.யும் கோடி (Kodi) என்ற பிளேயரும் பாதிக்கப்பட்டவற்றில் இருந்தன. ஓட்டையை உடனே அடைத்தார்கள். ஆனால் புதுப்பிக்காத போனுக்கு அந்தத் திருத்தம் வந்து சேராது. கொரியத் தொடருக்கு எங்கெங்கோ சப்டைட்டில் தேடும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவையுங்கள். புதுப்பிப்பதையும் பிளே ஸ்டோருக்குள் போய் மட்டுமே செய்ய வேண்டும். கடையில் போடச் சொன்னாலும் உங்கள் கண்முன்னே அங்கிருந்து இறக்கச் சொல்லுங்கள்.

விளம்பரம் காட்டிப் பிழைக்கும் பிளேயர்கள் குற்றவாளிகள் அல்ல. ஆனால் அந்த விளம்பரங்கள் ஓடுவது நீங்கள் ரீலோட் போட்ட டேட்டாவில். சிப்பில் உள்ள படத்துக்கு டேட்டாவே வேண்டாம், அணைத்துவிட்டுப் பாருங்கள். உரிமையாளர் மாறுவதையும் கவனிக்க வேண்டும். கொரியாவில் பிறந்த எம்.எக்ஸ். பிளேயர் 2018இல் இந்தியாவின் டைம்ஸ் இன்டர்நெட்டுக்கும் 2024இல் அமேசானுக்கும் போனது. அன்று நீங்கள் சம்மதம் சொன்ன நிறுவனம் வேறு, இன்று தகவலை வைத்திருப்பது வேறு.

இதற்காகத்தான் இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. உங்கள் தகவலைக் காட்டும்படியும் திருத்தும்படியும் அழிக்கும்படியும் கேட்கவும், கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும் அதில் உரிமை வகுக்கப்பட்டிருக்கிறது. மீறும் நிறுவனத்துக்கு 1 கோடி ரூபா வரை தண்டம் விதிக்கலாம். சட்டத்தைக் கட்டம் கட்டமாக நடைமுறைப்படுத்துவதில் தாமதம் ஆனது வருத்தத்துக்குரியது. திருட்டுக்கு எதிராக 2007ஆம் ஆண்டின் கணினிக் குற்றங்கள் சட்டம் இருக்கிறது. அனுமதியின்றி ஒருவரின் சாதனத்துக்குள் புகுந்தால் 5 வருடம் வரை சிறை.

பணம் போய்விட்டால் நிமிடங்கள் முக்கியம். முதலில் டேட்டாவையும் வைஃபையையும் அணையுங்கள். வேறொரு போனிலிருந்து வங்கியைக் கூப்பிட்டு கணக்கையும் அட்டையையும் முடக்கச் சொல்லுங்கள். கடவுச்சொற்களையும் அந்த வேறு போனிலிருந்தே மாற்றுங்கள். வந்த லிங்க், செயலியின் பெயர், வங்கிச் செய்திகள் எல்லாவற்றையும் படம் பிடித்து வைத்த பிறகே போனை வெறுமையாக்குங்கள்; முந்தினால் சாட்சியம் போய்விடும். கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கையாளும் இலங்கை சேர்ட் அமைப்பை 101 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். வங்கிக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். பதில் திருப்தியில்லை என்றால் மத்திய வங்கியின் 1935 என்ற இலக்கம் இருக்கிறது.

பொலிஸிலும் முறைப்பாடு செய்யுங்கள். பொலிஸ் நிலையத்துக்குப் போகத் தயங்குபவர்கள் நம் பகுதியில் அதிகம்; மொழி ஒரு காரணம். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரைப்படி, கொழும்பிலும் அரச அதிகாரியிடம் தமிழில் பேசவும் தமிழில் பதில் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு. வாக்குமூலத்தைத் தமிழில் எழுதும்படி கேளுங்கள். விளங்காத தாளில் கையெழுத்திடாதீர்கள். முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் வெளியே வராதீர்கள். வங்கி அதைக் கேட்கும்.