சிஸ்டருக்கும் ஒரு லைசென்ஸ்

(மூன்றாம் ஆண்டு, மின் மற்றும் மின்னணுவியல் துறை மாணவன்)



"பாலிடெக்னிக் மலர்ல நர்ஸைப் பத்திக் கட்டுரையா? வேற தலைப்பே கிடைக்கலையாடா?" என்று என் பெஞ்ச் நண்பன் சிரித்தான். சூரிய சக்தி, ரோபோ என்று எழுதியிருந்தால் ஆசிரியர் குழுவும் சந்தோஷப்பட்டிருக்கும். ஆனால் இந்த விஷயம் என் வீட்டுக்குள் நடந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

என் அம்மா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வேலை பார்க்கிறார்கள். காண்ட்ராக்ட் வேலை. இரண்டு வருடத்துக்கு முன் ரத்தக் கொதிப்பு இருப்பதாகச் சொன்னார்கள். மாதம் ஒரு தடவை பி.பி. பார்த்து மாத்திரை வாங்க வேண்டும். கம்பெனியில் அரை நாள் லீவு என்ற பேச்சே கிடையாது, போனால் முழு நாள் சம்பளம் கட். காலை ஏழரைக்கே போய் ஓ.பி. சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, டாக்டர் முன்னால் உட்காரும்போது மணி பதினொன்று. உட்கார்ந்தது ஒரு நிமிடம். டாக்டரைக் குறை சொல்லவில்லை. அவருக்கு முன்னால் அன்றைக்கு நூறு பேருக்கு மேல் நின்றார்கள்.

இதில் யோசித்துப் பாருங்கள். பி.பி. பார்த்தது சிஸ்டர். சீட்டில் குறித்தது சிஸ்டர். "ஊறுகாயை விடுங்கம்மா, கருவாடு வேண்டாம்மா" என்று சொன்னது சிஸ்டர். டாக்டர் செய்தது "அதே மாத்திரை" என்று போட்ட கையெழுத்து மட்டும்தான். அந்தக் கையெழுத்தின் விலை என் அம்மாவுக்கு ஒரு நாள் கூலி! இரண்டு மாதம் போகாமலே விட்டுவிட்டார்கள். மாத்திரையும் நின்றது. ஒரு நாள் லைனிலேயே தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். அப்போது பி.பி.யின் மேல் அளவு 190.

அந்தக் கையெழுத்தை ஏன் சிஸ்டரே போடக்கூடாது? இதுதான் என் கேள்வி.

நம்ம துறையை வைத்தே விளக்குகிறேன். தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியம் உதவியாளர், கம்பியாளர், மேற்பார்வையாளர் என்று மூன்று நிலைகளில் தகுதிச் சான்று கொடுக்கிறது. எலக்ட்ரிக்கல் டிப்ளமோ முடித்த நாமும் மேற்பார்வையாளர் சான்று வாங்கி வேலையைப் பார்வையிட்டுக் கையெழுத்துப் போடலாம். இன்ஜினீயர் வந்தால்தான் ஒயரைத் தொடலாம் என்று யாரும் சொல்வதில்லை. எது வரைக்கும் நம் வேலை, எங்கே மேலே சொல்ல வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அதற்குத் தேர்வு உண்டு, சான்று உண்டு, தப்பு செய்தால் பொறுப்பும் உண்டு. மருத்துவத்திலும் இதே மாதிரி, கூடுதல் பயிற்சி பெற்ற செவிலியருக்கு எல்லை வகுத்துக் கொடுத்த அதிகாரம்தான் நான் சொல்ல வருவது.

வெளிநாட்டில் இது பழைய கதை. 1965-ல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்ட் என்ற நர்ஸும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து, செவிலியருக்குக் கூடுதல் பயிற்சி கொடுத்து, குழந்தைகளைத் தாங்களாகவே பரிசோதித்துக் கவனிக்க வைத்தார்கள். டாக்டர் கிடைக்காத ஏழைக் குடும்பங்களை மனதில் வைத்து ஆரம்பித்ததுதான் அது. இங்கிலாந்தில் 2006-லிருந்து, தனிப் பயிற்சி முடித்த செவிலியர் அநேகமாக எல்லா மருந்துகளையும் தாங்களே எழுதலாம்.

"அவங்க ஊர் வேற, நம்ம ஊர் வேற" என்பீர்கள். நம்ம ஊர்க் கதையைக் கேளுங்கள். எழும்பூர் பிரசவ ஆஸ்பத்திரி 1844-ல் ஆரம்பித்தது. பத்து வருடத்துக்குள் சென்னையில் மருத்துவச்சிகளுக்கு முறையான பயிற்சி வந்துவிட்டது. செவிலியரையும் பேறுகால உதவியாளரையும் பதிவு செய்ய மெட்ராஸ் மாகாணம் 1926-லேயே தனிச் சட்டம் போட்டது. இந்தியா முழுமைக்குமான செவிலியர் கவுன்சில் சட்டம் வந்தது 1947-ல். நாம் இருபது வருடம் முன்னாடி!

அண்மைக் கதை இன்னும் முக்கியம். ஆரம்ப சுகாதார நிலையம் என்றால் சாயங்காலம் பூட்டிவிடும் கட்டடம் என்றுதான் ஒரு காலத்தில் பெயர். ராத்திரி வலி எடுத்தால் வண்டி பிடித்து டவுனுக்கு ஓட வேண்டும். 2000-க்குப் பிறகு தமிழ்நாடு என்ன செய்தது தெரியுமா? ஒரு நிலையத்துக்கு மூன்று ஸ்டாஃப் நர்ஸ் என்று போட்டு, ஷிப்ட் முறையில் 24 மணி நேரமும் பிரசவம் பார்க்க வைத்தது. மூன்று ஷிப்ட், மூன்று ஆள். நம் எஸ்டேட் கம்பெனிக் கணக்கேதான். பிரசவம் பார்க்கிறவர் பெரும்பாலும் நர்ஸ், சிக்கல் என்றால்தான் டாக்டர். 2005-ல் மத்திய அரசின் வழிகாட்டுதலும் வந்தது. ரத்தப் போக்கை நிறுத்தும் ஊசி, ஜன்னி வந்த கர்ப்பிணிக்கு மெக்னீசியம் சல்ஃபேட்டின் முதல் டோஸ், ஆன்டிபயாடிக்கின் முதல் டோஸ், இவற்றைப் பயிற்சி பெற்ற செவிலியரே கொடுத்துவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம் என்றார்கள். அதுவரை டாக்டர் கையில் மட்டும் இருந்த மருந்துகள் இவை.

பலன்? ஒரு லட்சம் உயிர்ப் பிறப்புக்கு எத்தனை தாய்மார் இறக்கிறார்கள் என்று ஒரு கணக்கு உண்டு. 2004-06-ல் தமிழ்நாட்டில் 111, இந்தியா முழுவதும் 254. 2018-20-ல் தமிழ்நாட்டில் 54, இந்தியாவில் 97. எல்லாம் நர்ஸுகளால் வந்தது என்று சொன்னால் பொய். 108 ஆம்புலன்ஸ், ரத்த வங்கி, அவசரப் பிரசவ மையங்கள் எல்லாம் சேர்ந்துதான். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்குக் கதவைத் திறந்து விளக்கைப் போட்டது அந்த ஸ்டாஃப் நர்ஸ்தான்.

பிரசவத்தில் செய்ததை பி.பி., சுகரில் செய்ய முடியாதா? ஓரளவு ஆரம்பித்துவிட்டார்கள். 2018-ல் மத்திய அரசு துணை சுகாதார நிலையங்களை நலவாழ்வு மையங்களாக மாற்றும் திட்டத்தைக் கொண்டுவந்தது. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை நிலையம் என்பது விதி. அங்கே நர்சிங் படித்து, சமுதாய சுகாதாரத்தில் ஆறு மாதப் பயிற்சியோ அதைப் படிப்போடு சேர்த்தோ முடித்தவரைப் போடுகிறார்கள். தமிழ்நாட்டில் 'இடைநிலை சுகாதாரப் பணியாளர்' என்று பெயர். 2021-ல் 4,848 பேருக்கு அறிவிப்பு வந்தது. டாக்டர் ஆரம்பித்து வைத்த சிகிச்சையை இவர் தொடர்ந்து கவனிக்கலாம், மாத்திரையை மறுபடி கொடுக்கலாம், சந்தேகம் என்றால் இ-சஞ்சீவனி மூலம் வீடியோவில் டாக்டரைக் கேட்கலாம். அதே 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பி.பி., சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. படுத்த படுக்கையாய் இருப்பவருக்கு நர்ஸும் பிசியோதெரபிஸ்டும் வீட்டுக்கு வருகிறார்கள். 2024-ல் தொழிற்சாலைக்கே போய்ப் பரிசோதிப்பதும் ஆரம்பித்தது.

நம் பகுதிக்கு வருவோம். 2011 கணக்குப்படி அம்பத்தூரில் 4 லட்சத்து 66 ஆயிரம் பேர், ஆவடியில் 3 லட்சத்து 46 ஆயிரம் பேர். அம்பத்தூர் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது, ஆவடி 2019-ல் தனி மாநகராட்சி ஆனது. அதனால் கிராமத்துக்கான 5,000 பேருக்கு ஒரு நிலையம் என்ற கணக்கு நமக்கு இல்லை. பூந்தமல்லியைத் தாண்டி உள்ளே இருக்கிற கிராமத்துக்காரருக்கு இடைநிலைப் பணியாளர் கிடைக்கலாம், எஸ்டேட் பக்கத்தில் ஒண்டுக் குடித்தனம் இருக்கிறவருக்கு அது கிடையாது! நகரத்துக்கென்று 2023 ஜூனில் 500 நகர்ப்புற நலவாழ்வு மையங்களைத் திறந்தார்கள். ஒரு டாக்டர், ஒரு நர்ஸ், ஒரு சுகாதார ஆய்வாளர், ஒரு உதவியாளர். சாயங்காலமும் திறந்திருக்கும் என்பது ஷிப்ட் போகிறவருக்கு நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த ஒரு டாக்டர் லீவு போட்டால் என்ன ஆகும்? சிஸ்டர் இருப்பார், கருவி இருக்கும், மாத்திரை இருக்கும், கையெழுத்து இருக்காது.

ஏனென்றால் சட்டம் அப்படி. பெரும்பாலான மாத்திரைகளின் அட்டையில் சிவப்புக் கோடு பார்த்திருப்பீர்கள். அவற்றைப் பதிவு பெற்ற மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. நர்ஸ் அந்தச் சீட்டைத் தாமாக எழுத முடியாது. 2019-ல் வந்த தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 32-வது பிரிவு ஒரு ஜன்னலைத் திறந்தது. சமுதாய சுகாதார சேவையாளர் என்று சிலருக்கு வரம்புக்குட்பட்ட உரிமம் கொடுத்து, ஆரம்ப நிலை சிகிச்சையில் மட்டும் குறிப்பிட்ட மருந்துகளை எழுத விடலாம் என்றது. உடனே நாடு முழுக்க டாக்டர்கள் ஸ்டிரைக்! "போலி டாக்டருக்குச் சட்டப் பாதுகாப்பா?" என்று கேட்டார்கள்.

அந்தக் கேள்வியை நான் அலட்சியமாகத் தள்ளவில்லை. அதிலும் ஒன்று ரொம்ப நியாயமானது: பணக்காரனுக்கு ஸ்பெஷலிஸ்ட், ஏழைக்கு நர்ஸா? என் அம்மாவுக்குக் குறைந்த வைத்தியம் போதும் என்று நானே சொல்கிறேனா? ரொம்ப நாள் இது உறுத்தியது. பிறகு ஓர் ஆய்வைப் பற்றிப் படித்தேன். முதல்நிலை சிகிச்சையில் டாக்டர் இடத்தில் நர்ஸ் இருந்தால் என்ன ஆகும் என்று, காக்ரேன் அமைப்பு 2018-ல் 18 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தது. நோயாளிகளின் நிலைமை டாக்டர் பார்த்ததற்குச் சமமாகவோ சற்று மேலாகவோ இருந்தது. ரத்தக் கொதிப்பு கொஞ்சம் கூடுதலாகவே கட்டுப்பட்டது. நர்ஸ் பேசும் நேரம் அதிகம், நோயாளிக்குத் திருப்தியும் அதிகம். ஒன்றைத் தவிர மற்றவை எல்லாம் பணக்கார நாட்டுச் சோதனைகள், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் வசதி உள்ளவரும் நர்ஸிடம்தான் போகிறார் என்னும்போது, அது ஏழைக்கு மட்டும் ஒதுக்கிய இரண்டாந்தர வைத்தியம் ஆகாது. நெஞ்சு வலிக்கும் பக்கவாதத்துக்கும் டாக்டர்தான் வேண்டும். அந்த நேரம் டாக்டருக்கு மிஞ்ச வேண்டுமானால், "அதே மாத்திரை" வரிசை அவர் அறைக்கு வெளியே கலைய வேண்டும்.

பிரசவத்திலும் அடுத்த படி ஒன்று பாக்கி. தேசிய குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்றுப்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 44.9 பிரசவம் சிசேரியன், தனியாரில் 63.8. பதினெட்டு மாதப் பயிற்சி பெற்ற மிட்வைஃப் செவிலியரை உருவாக்க மத்திய அரசு 2018-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. தெலங்கானா 2017-லேயே ஆரம்பித்துவிட்டது. 1926-ல் முந்தின நாம் இதில் பிந்தக் காரணம் எனக்குப் புரியவில்லை.

இனி கொஞ்சம் காரமான விஷயம். வேலையைக் கூட்டுவது வேறு, பதவியை உயர்த்துவது வேறு. 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு செய்த செவிலியருக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் ஆயிரக்கணக்கானவர்கள் தேனாம்பேட்டையில் உட்கார்ந்ததை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். இடைநிலைப் பணியாளருக்கு 2021-ல் அறிவித்ததும் 18,000 ரூபாய் தொகுப்பூதியம்தான். டிரெய்னி, அப்ரண்டிஸ், காண்ட்ராக்ட் என்று நமக்காகக் காத்திருக்கும் படிக்கட்டு இது, அதன் வலி நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. டாக்டர் வேலையில் பாதியைக் கொடுத்து, லைசென்ஸும் கொடுக்காமல், வேலை உத்தரவாதமும் கொடுக்காமல் விட்டால் அது சிக்கனம், சீர்திருத்தம் இல்லை. தப்பு நடந்தால் முதலில் மாட்டுகிறவரும் சிஸ்டர்தான். சுகாதாரப் பணியாளருக்குப் பயிற்சி தரும் பொது சுகாதார நிறுவனம் நம் பூவிருந்தவல்லியிலேயே இருக்கிறது. பயிற்சிக்கு இடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. வேண்டியது அரசாணையும் நிரந்தரப் பணியிடமும்.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்த வாரம் அம்மாவோடு வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிளினிக்குக்குப் போனேன். சாயங்காலம் ஏழு மணி, கூட்டமே இல்லை. சிஸ்டர் பி.பி. பார்த்து 138-க்கு 86 என்று எழுதினார். "நல்லா கன்ட்ரோல்ல இருக்குங்கம்மா, இதே மாத்திரையே போதும்" என்றார். அம்மா முகத்தில் சிரிப்பு. பிறகு சிஸ்டர் சீட்டைப் பார்த்துவிட்டுத் தயங்கினார். "டாக்டர் மீட்டிங் போயிருக்காரு. கையெழுத்து வேணுமே... நாளைக்கு இதே நேரம் வர முடியுமாம்மா?"

அம்மாவுக்கு நாளைக்கு செகண்ட் ஷிப்ட்.