அசையாத முள்

உடம்பும் நானும் – 11

கடந்த வாரத்து அத்தியாயத்தை மட்டும் வாசித்தவர்கள், சத்திரசிகிச்சை முடிந்துவிட்டால் நிறை தானாக இறங்கிக்கொண்டே போகும் என்று நினைத்திருக்கக்கூடும். என் நிறை ஒன்பது மாதம் இறங்கியது. பிறகு பதின்மூன்று மாதம் ஒரே இடத்தில் நின்றது. இந்த வாரம் அந்தப் பதின்மூன்று மாதத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். அதைப் பற்றி எனக்கு முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் எவ்வளவோ அழுகை மிச்சப்பட்டிருக்கும்.

2021 நவம்பரில் கொழும்பில் எனக்கு 'ஸ்லீவ்' என்கிற சத்திரசிகிச்சை நடந்தது. அன்று காலை என் நிறை 128 கிலோ. 2022 ஓகஸ்டில் 97. அடுத்த ஆண்டு செப்டெம்பர்வரை முள் 96 இற்கும் 97 இற்கும் இடையில் நடுங்கிக்கொண்டிருந்ததே தவிர, அந்த இடத்தை விட்டு இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் விடிய எழும்பி, வெறும் வயிற்றோடு நிறுவையில் ஏறுவேன். இறங்கி, அதைக் காலால் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு அடுப்படிக்குப் போவேன். வீட்டில் யாரும் "எவ்வளவு?" என்று கேட்பதில்லை. கேட்காமல் விட்டதுதான் கூடுதலாக வலித்தது.

ஊர் சும்மா இருக்குமா? "உள்ளுக்குப் போட்ட தையல் விட்டுட்டுதாம்" என்று ஒரு கதை. "காசைக் குடுத்து வயித்தை வெட்டினதுதான் மிச்சம்" என்று இன்னொன்று. மாவிட்டபுரம் கோயில் வீதியில் ஒரு அக்கா என் கையைப் பிடித்து, "பிள்ளை, ஒப்பிறேசன் பிழைச்சுப் போச்சோ?" என்று உண்மையான கவலையோடு கேட்டா. எனக்கும் அதே சந்தேகம் இருந்தபடியால் பதில் சொல்ல முடியவில்லை.

பிழைக்கவில்லை. இன்று அதை உறுதியாகச் சொல்வேன். ஆனால் ஏன் நின்றது என்பதை விளங்கிக்கொள்ள, உடம்பின் பக்கம் நின்று பார்க்கவேண்டும்.

ஸ்லீவில் இரைப்பையின் ஏறக்குறைய 80 வீதத்தை அகற்றிவிடுவார்கள். மிஞ்சுவது ஒரு வாழைப்பழ அளவுக் குழாய். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹோர்மோன் பெரும்பாலும் சுரப்பது அகற்றப்படும் அந்த மேற்பகுதியில்தான். 1999 இல் ஜப்பானில் கொஜிமா, கங்காவா என்ற ஆய்வாளர்கள் அதைக் கண்டுபிடித்தார்கள். அந்தப் பகுதி போய்விடுவதால் முதல் மாதங்களில் பசி என்பதே மறந்துபோகும். எனக்கு நேரம் பார்த்துத்தான் சாப்பிட வேண்டியிருந்தது. நிறையும் கிழமைக்கு ஒரு கிலோ என்று கரைந்தது.

ஆனால் 31 கிலோ குறைந்த உடம்பு பழைய உடம்பு அல்ல. 25 கிலோ அரிசி மூட்டை ஒன்றையும் அதற்கு மேலே ஆறு கிலோவையும் முதுகில் கட்டிக்கொண்டு இத்தனை வருடம் ஏறி இறங்கியவள் நான். அந்தச் சுமையைத் தூக்க உடம்பு எரித்த சக்தி இப்போது தேவையில்லை. அதோடு, கொழுப்போடு சேர்ந்து தசையும் கொஞ்சம் போய்விடும். தசை குறைந்தால், சும்மா இருக்கும்போது எரிகிற அளவும் குறையும். அதற்கு மேலே இன்னொன்றும் நடக்கிறது. பஞ்சம் வந்துவிட்டது என்று எண்ணும் உடம்பு அடுப்பைத் தணித்து வைக்கிறது.

இது புதிதாகச் சொல்லப்படுகிற சாட்டு அல்ல. இரண்டாம் உலகப் போரின் முடிவில், 1944–45 இல், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் 36 இளைஞர்களை, அவர்களின் சம்மதத்தோடு, ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டுப் பார்த்தார். நிறையில் ஏறக்குறைய கால்பங்கு போனது. ஓய்வில் உடம்பு எரிக்கும் சக்தியோ அதைவிடக் கூடுதலாக, கிட்டத்தட்ட 40 வீதம் விழுந்தது. 2016 இல் கெவின் ஹோல் குழுவினர், அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியொன்றில் பட்டினியாலும் கடும் பயிற்சியாலும் நிறை குறைத்த 14 பேரை ஆறு வருடத்துக்குப் பிறகு தேடிப்பிடித்து அளந்தார்கள். அவர்களின் உடம்பு அந்த அளவு ஆட்களுக்கு எதிர்பார்க்கக்கூடியதைவிட நாளுக்கு 500 கலோரி அளவுக்குக் குறைவாக எரித்துக்கொண்டிருந்தது. ஆறு வருடம் கழித்தும்! சத்திரசிகிச்சை செய்தவர்களுக்கு இந்தத் தணிவு அவ்வளவு மோசமாக இருப்பதில்லை என்பது ஆறுதல். ஆனாலும் அவர்களுக்கும் நிறை ஓரிடத்தில் நிற்கத்தான் செய்கிறது. சுவீடனில் 1987 இல் தொடங்கிய பெரிய ஆய்வில் சத்திரசிகிச்சை செய்துகொண்ட 2010 பேரைப் பல வருடம் பின்தொடர்ந்தார்கள். முதல் ஒன்றிரண்டு வருடத்தில்தான் ஆகக் குறைந்த நிறை. பிறகு கொஞ்சம் ஏறி நிலைத்தது. பத்து வருட முடிவில், இரைப்பையைச் சுருக்கிக் குடலோடு இணைக்கும் 'பைபாஸ்' செய்தவர்கள் தங்கள் பழைய நிறையைவிட 25 வீதம் கீழே நின்றார்கள். சத்திரசிகிச்சை செய்யாத குழுவோடு ஒப்பிட்டால் அவர்களிடையே மரணமும் குறைவு. ஸ்லீவ் அந்த ஆய்வில் இல்லை, அது பிறகு பரவிய முறை. ஆனால் நிறை நிற்பது எல்லோருக்கும் உள்ளது என்பதை நான் அங்கேதான் கண்டேன்.

இதெல்லாம் இப்போது தெரியும். அப்போது நான் செய்தது என்ன தெரியுமா? சாப்பாட்டை இன்னும் குறைத்தேன். காலமை ஒரு முட்டை, மத்தியானம் நாலு கரண்டி சோறு, இரவு சொதித் தண்ணி. ஐந்து நாள் தண்ணீராகவே குடித்தால் வயிறு பழையபடி சுருங்கும் என்று யாரோ சொல்ல, அதையும் செய்தேன். வயிறு அப்படிச் சுருங்குவதற்கு ஒரு ஆதாரமும் இல்லை. தலைமயிர் சீப்போடு வந்தது. காங்கேசன்துறை வெயிலிலும் கை குளிர்ந்தது. முள் அசையவில்லை.

ஏன் வைத்தியரிடம் போகவில்லை என்று கேட்பீர்கள். ஒரு பாதிக் காரணம் காலம். 2022 இல் இந்த நாட்டில் பெற்றோலுக்கு நாட்கணக்காக வரிசையில் நின்றோம். பால்மா இல்லை, மருந்து இல்லை. விற்றமின் மாத்திரைக்கு ஆறு பாமசி ஏறி இறங்கியிருக்கிறேன். கொழும்பு இங்கிருந்து 400 கிலோமீற்றருக்கு மேல். 1990 ஆனியில் நின்ற ரயில் 2015 தையில்தான் காங்கேசன்துறைக்குத் திரும்பி வந்தது. அந்த ரயிலும் 2023 தொடக்கத்தில், அநுராதபுரத்துக்கு வடக்கே பாதை திருத்தம் என்று மாதக்கணக்கில் வரவில்லை. மூன்று கிளினிக்கைத் தவறவிட்டேன். மற்றப் பாதிக் காரணம் வெட்கம். ஒரு முறை, வேறோர் இடத்தில், துண்டைப் பார்த்துவிட்டு ஒருவர் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "கள்ளமாய்ச் சாப்பிடுறீங்கள் போல." அதற்குப் பிறகு எந்தக் கிளினிக் வாசலும் எனக்குத் தூரமாகிவிட்டது.

கடைசியில் 2023 செப்டெம்பரில் மகள் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனா. அங்கே இருந்த உணவு ஆலோசகர் வயதில் என் மகளைவிடச் சின்னப் பிள்ளை. ஏசவில்லை. ஒரு கொப்பியைத் தந்து, "அம்மா, ஒரு கிழமைக்கு வாய்க்குள்ள போற எல்லாத்தையும் எழுதுங்கோ. தண்ணியையும் எழுதுங்கோ. ஒண்டையும் மாத்த வேண்டாம்" என்றா.

அந்தக் கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. சாப்பாடு என்று நான் நினைத்ததெல்லாம் அதில் சின்ன வரிகள். சாப்பாடென்று நினைக்காததுதான் பக்கத்தை நிரப்பியது. ஒரு நாளைக்கு நாலு பால் தேத்தண்ணி. ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சீனி, ஒரு கரண்டி பால்மா. ஏறக்குறைய 80 கலோரி. ஒவ்வொன்றோடும் மூன்று கிறீம் கிறாக்கர், இன்னொரு 100. நாலு தரம் என்றால் 700 கலோரிக்கு மேல். சோறும் இறைச்சியும் அந்தச் சின்ன வயிற்றில் அடைத்து நிற்கும். நாலு வாயில் போதும் என்றாகிவிடும். தேத்தண்ணியில் தோய்த்த பிஸ்கட் உருகி வழுக்கி இறங்கிவிடும். வயிறு நிரம்பினதாகவே தெரியாது. கூழும் கஞ்சியும் ஜூஸும் அப்படித்தான். கள்ளமாக நான் ஒன்றும் சாப்பிடவில்லை. எல்லோர் முன்னாலும், விறாந்தையில் இருந்துதான் குடித்தேன்.

புரதத்தைக் கணக்குப் பார்த்தால் நாளுக்கு 30 கிராம்கூட இல்லை. ஆகக் குறைந்தது 60 வேண்டும். அது இல்லாவிட்டால் உடம்பு தசையைத் தின்னும். தசை போனால் அடுப்பு இன்னும் தணியும். இதற்கு ஒரு பழைய கதையும் உண்டு என்று நினைக்கிறேன். 1990 இல் போரால் காங்கேசன்துறையை விட்டு வெளிக்கிட்டபோது எனக்கு 19 வயது. வளவு, கிணறு, கோழிக்கூடு எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்து, வருடக்கணக்கில் கொட்டில்களில் நிவாரண அரிசி, மா, சீனி, பருப்பில் வாழ்ந்தோம். கோப்பை நிறையச் சோறும் மாவும் இருந்தால்தான் சாப்பாடு, மீன் வாசத்துக்கு மட்டும் என்ற கணக்கு அந்தக் கொட்டில்களில் பழகியது. 2018 இல் காணி திரும்பக் கிடைத்தது. கோப்பைக் கணக்கு திரும்பவில்லை.

கொப்பியில் இன்னொன்றையும் அந்தப் பிள்ளை கவனித்தா. பிஸ்கட் சாப்பிட்ட நேரங்கள். பதினொரு மணி, நாலு மணி, தவறாமல். "ஏன் அந்த நேரம்?" என்றா. கை நடுங்கும், வேர்க்கும், இனிப்பாய் ஏதாவது வாயில் போட்டால் சரியாகும் என்றேன். உடனே வைத்தியரைக் கூப்பிட்டா. சலரோகத்துக்கு நான் போட்டுவந்த மாத்திரை கிளிக்ளசைட். சாப்பாடு குறைந்தாலும் அது கணையத்தை இன்சுலின் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். 128 கிலோவுக்கு எழுதிய அளவை 97 கிலோவிலும் போட்டுக்கொண்டிருந்தேன். கிளினிக்குக்குப் போகாதபடியால் அதைக் குறைக்க யாருக்கும் வாய்க்கவில்லை. சீனி விழுந்தது, நான் சீனி தின்றேன், நிறை நின்றது. பதின்மூன்று மாதத்தின் முடிச்சு பெரும்பாலும் இங்கேதான் இருந்தது. வைத்தியர் மாத்திரையைக் குறைத்த இரண்டாம் கிழமை அந்த நடுக்கம் நின்றுவிட்டது. பிஸ்கட் ரின் தானாக மூடிக்கொண்டது.

இரத்தப் பரிசோதனையில் இரும்புச்சத்தும் பி12 உம் கீழே கிடந்தன. இரைப்பையை வெட்டியவர்களுக்கு இது அடிக்கடி வருவது. மாவிட்டபுரம்வரை நடந்தால் மூச்சு வாங்கியதை நான் சோம்பல் என்று நினைத்திருந்தேன். அது இரத்தம் இல்லாத களைப்பு.

பிறகு செய்தவை சாதாரணமானவை. மயிலிட்டியில் படகு வந்ததும் சூடை, கீரி என்று மலிவாகக் கிடைப்பதை வாங்குவேன். கோப்பையில் மீன் முதலில், மரக்கறி பிறகு, இடம் இருந்தால் சோறு. சாப்பாட்டோடு தண்ணீர் இல்லை. அரை மணித்தியாலம் கழித்துத்தான். தேத்தண்ணி இரண்டு, சீனி இல்லாமல். முதல் கிழமை அதற்காக அழுதேன், சொல்ல வெட்கமில்லை. நடை மட்டும் போதாது, தசைக்குப் பாரம் வேண்டும் என்று சொன்னபடியால், வைத்தியரிடம் கேட்டுக்கொண்டு, கிணற்று மோட்டரை நிறுத்திவிட்டுக் கப்பியில் இழுக்கத் தொடங்கினேன். முதலில் ஐந்து வாளி, பிறகு இருபது. தோடைக்கும் வாழைக்கும் நானே இறைத்தேன். அப்பா சீமெந்துத் தொழிற்சாலை வேலையால் வந்து இதே கிணற்றில் இறைத்தது நினைவு வரும்.

நவம்பர் இரண்டாம் வெள்ளி, முள் 95 இல் நின்றது. இறங்கி, திரும்ப ஏறிப் பார்த்தேன். 95 தான்.

ஸ்காபரோவில் இருக்கும் மச்சாள் ஒவ்வொரு முறையும் கேட்பா: "ஏன் ஊசி போடேல்ல?" நிறை குறைக்கும் அந்த ஊசியைக் குறைவாகச் சொல்ல மாட்டேன். சத்திரசிகிச்சைக்குப் பிறகும் போதிய அளவு நிறை குறையாத 70 பேரில் லண்டனில் செய்த ஆய்வொன்று 2023 இல் வெளிவந்தது. லிராகுளூரைட் ஊசி போட்டவர்களுக்கு 24 கிழமையில் ஏறக்குறைய 9 வீதம் நிறை குறைந்தது. வெறும் ஊசி போட்டவர்களுக்கு ஒரு வீதமும் இல்லை. தேவைப்படுகிறவர்களுக்கு அது நல்ல மருந்து, அதைப் போடுவதில் ஒரு குற்றமும் இல்லை. எனக்கு அது தேவைப்படவில்லை. சிலருக்குக் குழாய் விரிந்திருக்கிறதா என்று கமெரா விட்டும் பார்க்கவேண்டி வரும். எது யாருக்கு என்பதை வைத்தியர்தான் சொல்லவேண்டும்.

2024 ஆவணியில் 89. அதன் பிறகு மறுபடியும் நின்றுவிட்டது. இந்த முறை நான் அழவில்லை. "உங்கட உடம்பு நிக்க விரும்புற இடம் இதுவா இருக்கலாம், அம்மா" என்றார் வைத்தியர். 128 இலிருந்து 39 கிலோ, முப்பது வீதம். கிளிக்ளசைட் இப்போது இல்லை. முழங்கால் வலி இல்லை. கீரிமலைக் கேணியில் படியைப் பிடிக்காமல் இறங்குகிறேன்.

இதே சத்திரசிகிச்சையைச் செய்துவிட்டு, நிறை நின்றுபோனதால் கிளினிக் பக்கம் போகாமல் இருக்கிறவர்கள் எங்கள் ஊர்களிலும் இருப்பீர்கள். ஒரு கிழமைக்கு எழுதுங்கள். அந்தக் கொப்பியையும், போடுகிற மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். நீங்களாக ஒரு மாத்திரையையும் நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம். நான் பதின்மூன்று மாதம் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் அடுத்த கிளினிக் நாளுக்கே போங்கள்.

(தொடரும்)