இரண்டு மணி நேரத்துக்கு வெளியே எரியும் தீ

தீபாவளியன்று காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8. தமிழ்நாட்டில் பட்டாசு வெடிக்க அரசு ஒதுக்கியிருக்கும் நேரம் இவ்வளவுதான். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவின் விளைவு இது. மீறினால் போலீஸ் வழக்குப் பதிகிறது. குப்பை எரிப்பதற்கும் சட்டம் இருக்கிறது. 2016-இன் திடக்கழிவு மேலாண்மை விதிகளே தெருவில் குப்பையைக் கொளுத்தக் கூடாது என்றன. அதே ஆண்டு டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதற்கு 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் என அபராதமும் நிர்ணயித்தது. அந்த அபராதத்தைக் கட்டியவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

மற்ற ஊர்களில் குப்பைத் தீ புகைச் சங்கடம். பட்டாசு ஆலைகள் நிறைந்த ஆலங்குளம், வெம்பக்கோட்டை, சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் உயிர்ச் சங்கடம். உராய்ந்தாலே மருந்து பற்றிக்கொள்ளும் என்பதால் பட்டாசு ஆலைக்குள் தீப்பெட்டிக்கும் செல்போனுக்கும் தடை. ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. 2012-இல் முதலிப்பட்டியிலும் 2021-இல் அச்சங்குளத்திலும் நடந்த வெடிவிபத்துகள் தெருக்குப்பையால் வந்தவை அல்ல என்பது உண்மையே. ஆனால் இங்கே ஒரு பொறி என்னவெல்லாம் செய்யும் என்பதற்கு அவை போதும். இத்தனை கட்டுப்பாடும் ஆலையின் வேலியோடு நின்றுவிடுகிறது. வீட்டிலும் தகரக் கொட்டகையிலும் உரிமமில்லாமல் பட்டாசு செய்து பிடிபடுவது இங்கே அடிக்கடி வரும் செய்தி. எந்தச் சுவருக்குப் பின்னால் மருந்து காய்கிறது என்பது தெருமுனையில் குப்பைக்குத் தீ வைப்பவருக்குத் தெரியாது. கழித்துப்போட்ட பட்டாசு அந்தக் குவியலிலேயே கிடந்தாலும் தெரியாது.

குப்பை வண்டி வராத தெருவில் வேறென்ன செய்வது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, ஆனால் ஊராட்சி வண்டி அனுப்பத்தான் அது காரணம், தீ வைக்க அல்ல. மட்காத குப்பையைச் சிமெண்ட் ஆலைகளுக்கு எரிபொருளாக அனுப்பும் வழக்கம் தமிழ்நாட்டில் இருக்கிறது. ஆலங்குளத்திலேயே அரசு சிமெண்ட் ஆலை இருக்கும்போது அதையும் விசாரிக்கலாம். திறந்தவெளித் தீயைத் தடுத்தால், சீமைக் கருவேலத்தில் கரிமூட்டம் போட்டுப் பிழைப்பவர்களின் வயிற்றில் அடிப்பதா என்பார்கள். மண் பூசி மூடி, ஆள் இருந்து பார்த்துக்கொள்ளும் மூட்டத்தைத் தடுக்க வேண்டியதில்லை. ஆலையிலிருந்தும் வீட்டிலிருந்தும் இத்தனை தூரம் தள்ளிப் போடு என்றால் போதும். இப்படித் தடை கேட்பது பட்டாசுத் தொழிலுக்கு எதிரானவர்களுக்கு வசதியாகிவிடாதா என்ற அச்சமும் வேண்டாம். விபத்துதான் அவர்களுக்கு வசதி.

அக்டோபர் 2 கிராம சபை தீபாவளிக்கு முன்பே கூடுகிறது. குப்பை எரிப்பதற்குத் தடை விதித்தும், கரிமூட்டத்துக்கு இடமும் தூரமும் குறித்தும் ஒவ்வோர் ஊராட்சியும் அன்றே தீர்மானம் போடட்டும்.