பிங் ஏறினால் யாரைக் கேட்பது?

"100 எம்பிபிஎஸ் பத்தாது சார், 300 போடுங்க, பையனுக்கு கேம்ல லேக்கே வராது." பிராட்பேண்ட் விற்க வருபவர் சொல்வதில் பாதிதான் உண்மை. பிஜிஎம்ஐ, வாலரன்ட் போன்ற ஆன்லைன் விளையாட்டுகள் ஓடும்போது செலவாகும் டேட்டா மிகக் கொஞ்சம். பக்கத்து அறையில் யாராவது யூடியூப் பார்த்தால் அதைவிடப் பல மடங்கு ஆகும். வேகம் உதவுவது விளையாட்டை டவுன்லோடு செய்யும்போது. 100 ஜிபி விளையாட்டு 100 எம்பிபிஎஸ் இணைப்பில் இறங்க ஏறக்குறைய இரண்டேகால் மணி நேரம், 300இல் முக்கால் மணி நேரம். இறங்கியபின் கணக்கே வேறு. நீங்கள் சுட்டது சர்வருக்குப் போய்ப் பதில் வர எத்தனை மில்லிசெகண்ட் ஆகிறது, அந்த எண் ஆடாமல் நிற்கிறதா என்பதுதான் பேச்சு. அதற்குப் பெயர் பிங். திட்டத்தின் விலையைக் கூட்டினால் அது குறைந்துவிடாது.

தூரத்தையும் எந்தத் திட்டமும் குறைக்காது. கண்ணாடி இழைக்குள் ஒளி ஒரு கிலோமீட்டர் போகச் சுமார் 5 மைக்ரோசெகண்ட் ஆகும். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே கடலடியில் கிடக்கும் ஐ2ஐ கேபிள் ஏறக்குறைய 3,200 கி.மீ. போய்வரவே 32 மில்லிசெகண்ட். வழியிலுள்ள கருவிகள் எடுத்துக்கொள்வது தனி. ஆகவே சிங்கப்பூர் சர்வரில் 50, 60 காட்டினால் யாரையும் குறை சொல்ல முடியாது. மும்பை சர்வரிலேயே இரவு எட்டு மணிக்கு 150 காட்டினால் விசாரிக்கத்தான் வேண்டும்.

விசாரணை வீட்டுக்குள் தொடங்கட்டும். ஏனென்றால் புகார் செய்ததும் வரும் முதல் பதில், "உங்க வைஃபைதான் சார் பிரச்சினை." பல வீடுகளில் அது சரியாகவும் இருக்கும். ரூட்டரிலிருந்து லேன் கேபிளை நேராகக் கணினிக்கு இழுங்கள். கேட் 5இ கேபிளே போதும். இணைப்பு 1 ஜிபிபிஎஸ் காட்டாமல் 100இலேயே நின்றால், உள்ளிருக்கும் எட்டுக் கம்பிகளில் ஏதோ ஒன்று கிரிம்பிங்கில் விட்டுப்போயிருக்கலாம். பிறகு கமாண்ட் ப்ராம்ப்டில் இரண்டு ஜன்னல்களைத் திறந்து, ஒன்றில் ரூட்டரின் முகவரிக்கும் (பெரும்பாலும் 192.168.1.1), மற்றொன்றில் 8.8.8.8க்கும் பிங் ஓடவிடுங்கள். ரூட்டர் 1 மில்லிசெகண்டில் அசையாமல் நிற்க, வெளியே போவது மட்டும் 20, 180, 'டைம் அவுட்' என்று குதித்தால் பழுது வாசலுக்கு வெளியே. வைஃபைக்கு மாற்றியதும் ரூட்டருக்குப் போகும் பிங்கே குதித்தால் பழுது உங்களுடையது. அடுக்குமாடிகளில் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மட்டும்தான். அக்கம்பக்கத்து ரூட்டர்கள் எல்லாம் அந்த மூன்றுக்குள் நெரிகின்றன. 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள், ரூட்டரை டிவி ஸ்டாண்டுக்குப் பின்னாலிருந்து வெளியே எடுங்கள்.

வெளிப்பழுது என்று தோன்றினாலும் ஒரு சோதனை பாக்கி. வீட்டில் யாருடைய போனாவது படங்களை கூகுள் போட்டோஸில் ஏற்றிக்கொண்டிருந்தால், அப்லோடு வரிசை நிரம்பி உங்கள் விளையாட்டின் சின்னஞ்சிறு பாக்கெட்டுகளும் அதன் பின்னால் காத்துக் கிடக்கும். ரூட்டரில் கியூஓஎஸ் வசதி இருந்தால் அப்லோடை இணைப்பின் 85 சதவீதத்துக்குக் கட்டுப்படுத்திப் பாருங்கள். காசில்லாத வைத்தியம், பல வீடுகளில் இதோடு தீர்ந்துவிடும்.

ஃபைபர் வைத்திருப்பவர்கள், இழை வந்து சேரும் ஓஎன்டி பெட்டியின் 'லாஸ்' விளக்கு சிவப்பாகிறதா என்று கவனிக்க வேண்டும். லைன்மேன் வந்தால் பவர் மீட்டரில் என்ன காட்டுகிறது என்று கேட்டு எழுதிவையுங்கள். மைனஸ் 20 டிபிஎம் வாக்கில் இருந்தால் நல்லது. மைனஸ் 27ஐ நெருங்கினால் மழை பெய்தாலே அறுந்துவிடும் இணைப்பு அது. பீரோவுக்குப் பின்னால் மடங்கி நசுங்கிய இழையே அதைக் கெடுத்துவிடும்.

'நாட் டைப் ஸ்ட்ரிக்ட்' என்று கேம் கன்சோல் சொன்னால், ரூட்டர் பக்கத்தில் வேன் ஐபி என்ற எண்ணைப் பாருங்கள். அது 100.64க்கும் 100.127க்கும் இடையில் தொடங்கினால், உங்கள் நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து தருகிறது. ஐபிவி6 உண்டா, தனி முகவரிக்கு எவ்வளவு என்று கேட்கலாம். அதற்குப் பதில் யூடியூப் பார்த்து டிஎம்இசட்டைத் திறந்துவிடும் பையன்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் அந்தக் கணினியின் எல்லாக் கதவுகளும் இணையத்தைப் பார்த்துத் திறந்துகொள்ளும்.

ரூட்டரின் 'அட்மின்' பாஸ்வேர்டை மாற்றாமல் விடுவதும் அப்படித்தான். 2016இல் அமெரிக்காவின் பல பெரிய இணையதளங்களை முடக்கிய மிராய் என்னும் தீநிரல், தொழிற்சாலையில் வைத்தபடியே விடப்பட்ட 60க்கும் மேற்பட்ட பெயர்–பாஸ்வேர்டு ஜோடிகளை வைத்துத்தான் கேமராக்களிலும் ரூட்டர்களிலும் புகுந்தது. அதை எழுதியவர்கள் மைன்கிராஃப்ட் சர்வர்களைத் தாக்கும் போட்டியிலிருந்து வளர்ந்த இளைஞர்கள். 2017 டிசம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். விளையாட்டுத் தகராறுக்கு எதிராளியின் ஐபியைத் தாக்கக் காசு கொடுப்பது இங்கேயும் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி குற்றம். இலவச ஸ்கின், இலவச யூசி (பிஜிஎம்ஐக்குள் செலவாகும் காசு) என்று வரும் லிங்கில் கணக்கோ பணமோ போனால் உடனே 1930ஐ அழையுங்கள்.

இனி உரிமை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின், 2024 அக்டோபர் 1 முதல் நடப்பிலுள்ள சேவைத்தர விதிமுறை, கம்பிவழி பிராட்பேண்டில் தாமதம் 50 மில்லிசெகண்டுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. இது நிறுவனத்தின் வலைப்பின்னலுக்கான அளவு. வெளிநாட்டு கேம் சர்வருக்கு இதைக் காட்டி வாதாட முடியாது. பழுதை மூன்று நாளைக்குமேல் இழுத்தடித்தால் வாடிக்கையாளருக்கு நிவாரணம் தர வேண்டும். டேட்டா வரம்பு எவ்வளவு, அதன்பின் வேகம் எவ்வளவு என்பதை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்று 2016இலேயே டிராய் உத்தரவிட்டது. அப்போது வரம்புக்குப் பிந்தைய குறைந்தபட்ச வேகமாக வைத்தது 512 கேபிபிஎஸ். அந்த வேகத்தில் நாம் சொன்ன 100 ஜிபி விளையாட்டு இறங்க 18 நாள் ஆகும்! 'அன்லிமிடெட்' என்று எழுதிய நோட்டீஸில் அடியில் பொடி எழுத்தில் இருப்பதை முதலில் படியுங்கள்.

புகாரை லைன்மேனின் வாட்ஸ்அப்போடு நிறுத்தாதீர்கள். நம்மூரில் கேபிள்காரரிடம் முகத்தாட்சணியத்துக்காக வாய்ப்பேச்சோடு விட்டுவிடுகிறோம். அதற்கு எந்த மன்றத்திலும் மதிப்பில்லை. நிறுவனத்தின் புகார் மையத்தில் பதிந்து டாக்கெட் எண் வாங்குங்கள். பழுது நிஜமாகவே நீங்கிய பிறகுதான், கேட்டால், ஓடிபி சொல்லுங்கள். தீரவில்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். கட்டணம் கிடையாது, 39 நாள்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதுவும் ஆகவில்லையென்றால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண், அதன்பின் மாவட்ட நுகர்வோர் ஆணையம். தொலைத்தொடர்புப் புகார் இங்கே செல்லாது என்று நிறுவனங்கள் வாதிட்டதை 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் நிராகரித்துவிட்டது. சேவைக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணமில்லை. பில், டாக்கெட் எண்கள், லேன் கேபிளில் எடுத்த பிங் பதிவுகள் தேதியும் நேரமும் தெரிய ஸ்கிரீன்ஷாட்டாக: இவ்வளவையும் மனுவோடு இணைத்தால் போதும்.