கூச்சம் பார்க்காதீர்கள், கேட்டுவிடுங்கள்!

என் மாமனாருக்கு வயது 72. ராத்திரியில் நாலைந்து தடவை எழுந்து கொல்லைப்பக்கம் போவார். குழாய்ச் சத்தத்தில் எனக்குத் தூக்கம் கலையும். "என்ன மாமா, உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?" என்று கேட்டால், "ஒண்ணுமில்லேம்மா, ராத்திரி மோர் ஜாஸ்தி குடிச்சிட்டேன்" என்பார். மருமகளிடம் இதையெல்லாம் சொல்வாரா? எனக்கும் மேலே கேட்கக் கூச்சம். விட்டுவிட்டேன்.

ஒரு வருஷம் ஓடியது. அப்புறம் இடுப்பு வலி. தைலம் தேய்த்தோம், ஒத்தடம் கொடுத்தோம். ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய், அது எலும்பு வரை பரவிவிட்டது என்றார்கள். வீடே ஆடிப் போய்விட்டது.

பத்தாவது வரை படித்த எனக்குப் புரியும்படி டாக்டர் எடுத்துச் சொன்னார். ஆண்களுக்கு மட்டும் உள்ள சுரப்பி இது. மூத்திரப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி, பெரிய நெல்லிக்காய் அளவில் இருக்கும். வயதானால் பலருக்கு இது வீங்கும். சிறுநீர் அடிக்கடி வருவது, சொட்டுச் சொட்டாக வருவது பெரும்பாலும் இந்தச் சாதாரண வீக்கத்தால்தான். ஆனால் புற்றுநோயோ ஆரம்பத்தில் வலி, தொந்தரவு எதையும் காட்டாமலே இருக்கலாம். அதனால் அறிகுறி வந்ததும் பயந்துவிடவும் கூடாது. வரட்டும், பார்க்கலாம் என்று காத்திருக்கவும் கூடாது.

இதற்கு பி.எஸ்.ஏ. என்று ஓர் இரத்தப் பரிசோதனை இருக்கிறது. கையில் ஊசி குத்தி இரத்தம் எடுப்பதோடு சரி. 50 வயதானவர்கள் இதைப் பற்றி டாக்டரிடம் பேசுவது நல்லது. அப்பாவுக்கோ கூடப்பிறந்தவருக்கோ இந்த நோய் வந்திருந்தால் 45 வயதிலேயே பேச வேண்டும்.

எண் கூடுதலாக இருந்தால் உடனே புற்றுநோய் என்று அழ வேண்டாம். சாதாரண வீக்கத்திலும், கிருமித் தொற்றிலும் அது கூடும். ஸ்கேன் எடுத்து, தேவைப்பட்டால் சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்த பிறகே முடிவு சொல்வார்கள். வீக்கத்துக்கோ முடி கொட்டுவதற்கோ ஃபினாஸ்டிரைடு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை டாக்டரிடம் மறைக்கக் கூடாது. அது பி.எஸ்.ஏ. எண்ணைப் பாதியாகக் குறைத்துக் காட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எல்லா ஆண்களுக்கும் இந்தப் பரிசோதனை கட்டாயம் என்று டாக்டர்கள் சொல்வதில்லை. சில கட்டிகள் மிக மெதுவாக வளரும், ஆயுசுக்கும் தொல்லை தராது. அதற்குப் போய் ஆபரேஷனோ கதிர்வீச்சோ செய்தால், சிறுநீர் கசிவதும் தாம்பத்தியக் குறையும் வரலாம். அப்படிப்பட்டவர்களைச் சிகிச்சை இல்லாமல் அவ்வப்போது சோதித்துக் கண்காணிப்பதும் உண்டு. நன்மை தீமை இரண்டையும் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

வராமல் தடுக்க மாத்திரை உண்டா என்று கேட்டேன். இல்லையாம். வைட்டமின் ஈ மாத்திரை தடுக்குமா என்று அமெரிக்காவில் 35,000 ஆண்களிடம் சோதித்தார்களாம். அதைச் சாப்பிட்டவர்களுக்கு நோய் 17 சதவிகிதம் அதிகமாக வந்தது என்று 2011-ல் தெரிந்ததாம்! எடை ஏறாமல் பார்த்துக்கொள்வது, தினமும் நடப்பது, புகையை விடுவது, காய்கறி நிறையச் சாப்பிடுவது, இவைதான் உடம்புக்கு நல்லது.

என் வீட்டுக்காரருக்கு 48 வயது. "ஏங்க, நீங்களும் பார்த்துக்கணும்" என்றதும், "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்று பேப்பருக்குள் முகத்தை மறைத்துக்கொண்டார். நான் விடவில்லை. "மாமாவும் இப்படித்தானே சொன்னாங்க?" என்றேன். பேப்பர் மெல்லக் கீழே இறங்கியது. மறுநாள் காலையில் அவரே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். நல்லவேளை, எண் குறைவாகத்தான் இருந்தது. இரண்டு வருஷம் கழித்துத் திரும்பப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். காலண்டர் அட்டையின் பின்னால் குறித்து வைத்திருக்கிறேன்.

மாமனாருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஹார்மோன் ஊசி. நோயை அது அடக்கி வைக்கும், அடியோடு போக்காது. இப்போது வலி குறைந்து, திண்ணையில் உட்கார்ந்து பேரனுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறார். "நீ அன்னிக்குக் கேட்டப்பவே சொல்லியிருக்கணும்மா" என்றார் ஒருநாள். நானும் இன்னொரு தடவை கேட்டிருக்க வேண்டும்.

சகோதரிகளே, நம் வீட்டு ஆண்கள் தாங்களாக வாய் திறக்க மாட்டார்கள். நாம்தான் கேட்க வேண்டும்.