கேட்ல ஆள் இருக்கார், காவல் இருக்கா?

இந்த எபிசோட் அபார்ட்மென்ட் செக்யூரிட்டி பத்தி. கேமரா, ஆப் பத்தி இல்லை, ராத்திரி கேட்ல நிக்கிற மனுஷரைப் பத்தி.

ஓஎம்ஆர், போரூர், மேடவாக்கம்னு எந்தப் பெரிய குடியிருப்போட வாட்ஸ்அப் குரூப்பை எடுத்தாலும் அப்பப்போ ஒரு போட்டோ வரும்: நாற்காலியில தலை சாய்ஞ்சு தூங்குற செக்யூரிட்டி. கீழே கோபமா வரிசையா மெசேஜ். "முதல்ல ஏஜென்சியை மாத்துங்க சார்." மாத்துவாங்க. சில மாசம் கழிச்சு அதே நாற்காலி, அதே போட்டோ, முகம் மட்டும் வேற.

ஆளை மாத்தியும் பிரச்சனை போகலைன்னா, அது ஆள்கிட்ட இல்லை. அவரை அங்க நிறுத்தின ஒப்பந்தத்துல இருக்கு. அசோசியேஷனும் மேனேஜரும் அந்த ஒப்பந்தத்துல என்னென்ன மாத்தணும்னு ஒவ்வொண்ணா பார்ப்போம்.

168 மணி நேரக் கணக்கு

ஒரு கேட்டை வாரம் முழுக்க, 24 மணி நேரமும் பார்த்துக்கணும்னா 7 நாளுக்கு 168 மணி நேரம். ஒருத்தர் தினம் 8 மணி நேரம், வாரத்துல 6 நாள் வேலை பார்த்தா 48 மணி நேரம். 168-ஐ 48-ஆல வகுத்தா 3.5. அதாவது ஒரு போஸ்ட்டுக்கு மூன்றரை ஆள், ரெண்டு போஸ்ட்டுக்கு 7 பேர் வேணும். லீவு, காய்ச்சல் இதெல்லாம் இன்னும் கணக்குல வரலை.

நிறைய இடத்துல ஒரு போஸ்ட்டுக்கு ரெண்டே பேர்தான். பகல் 12 மணி நேரம் ஒருத்தர், ராத்திரி 12 மணி நேரம் இன்னொருத்தர். வார லீவு இல்லைன்னா ஆளுக்கு 84 மணி நேரம். ஒருத்தர் ஊருக்குப் போனா, மத்தவர் 24 மணி நேரமும் நிக்கணும். அதுக்குப் பேர் டபுள் டூட்டி. நம்ம டீம்ல ஆன்-கால் ரொட்டேஷன்ல ரெண்டே பேர், லீவும் கிடையாதுன்னா எத்தனை வாரம் தாங்குவோம்? அந்த போட்டோவுல தூங்குறவர் சோம்பேறின்னு சொல்றதுக்கு முன்னாடி, அவர் எத்தனையாவது மணி நேரத்துல இருக்கார்னு கேட்கணும்.

"ரெண்டு பேர்னாதான் செலவு குறைவு"ன்னு கமிட்டியில சொல்வாங்க. சரி, அதையும் போட்டுப் பார்ப்போம். கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புக் கூலிங்கிறது சட்டம். 84 மணி நேரத்துல 48 போக மீதி 36. இரட்டிப்புன்னா 72. ஆக ஒருத்தருக்கு 120 மணி நேரக் கூலி, ரெண்டு பேருக்கு 240. அதே கேட்டை 8 மணி நேர ஷிஃப்ட்ல பார்த்தா 168 மணி நேரக் கூலி போதும். சட்டப்படி கொடுத்தா 12 மணி நேர ஷிஃப்ட்தான் அதிகச் செலவு. அது உங்களுக்கு மலிவா கிடைக்குதுன்னா, அந்த மிச்சம் யாரோ ஒருத்தரோட சம்பளத்துல இருந்துதான் வருது.

கொட்டேஷனைப் பிரிச்சுக் கேளுங்க

மூணு ஏஜென்சிகிட்ட விலை வாங்கி, குறைஞ்சதை எடுக்கிறதுதான் வழக்கம். ஆனா "ஆளுக்கு மாசம் இவ்வளவு"ன்னு ஒத்தை எண்ணா வர்ற கொட்டேஷன்ல ஒண்ணும் தெரியாது. வரி வரியா கேளுங்க: அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் எவ்வளவு, பிஎஃப் எவ்வளவு, இஎஸ்ஐ எவ்வளவு, போனஸ், ரிலீவர் செலவு, யூனிஃபார்ம், ஏஜென்சியோட சர்வீஸ் சார்ஜ், கடைசியா 18 சதவீத ஜிஎஸ்டி.

இதுல பேரம் பேசக்கூடிய வரி ஒண்ணே ஒண்ணுதான், சர்வீஸ் சார்ஜ். சம்பளத்துக்குத் தமிழ்நாடு அரசு அறிவிக்கிற குறைந்தபட்சக் கூலி இருக்கு, அதுக்குக் கீழே போக முடியாது. அகவிலைப்படி வருஷா வருஷம் ஏப்ரல்ல மாறும். அதுக்கும் ஒப்பந்தத்துல இடம் விடணும், இல்லைன்னா அந்த உயர்வு காவலாளி கைக்குப் போகாது. இஎஸ்ஐ-க்கு ஊழியர் பங்கு 0.75 சதவீதம், நிறுவனத்தோட பங்கு 3.25 சதவீதம். மாசச் சம்பளம் 21,000 ரூபாய் வரைக்கும் இருக்கிறவங்களுக்கு இது பொருந்தும். இந்தச் சின்ன சதவீதத்தை ஏஜென்சி கட்டாம விட்டா, அவரோட குடும்பத்துல யாருக்காவது ஆஸ்பத்திரிச் செலவு வரும்போது அட்டை வேலை செய்யாது.

அதனால ஒப்பந்தத்துல ஒரு நிபந்தனை போடுங்க: போன மாசச் சம்பளம் பேங்க்ல போட்டதுக்கான ஆதாரமும், பிஎஃப், இஎஸ்ஐ கட்டின சலானும் வந்த பிறகுதான் இந்த மாச பில் பாஸ் ஆகும். சலான்ல உங்க கேட்ல நிக்கிறவங்க பேர் இருக்கான்னும் பாருங்க. பிஎஃப் வரவை உமங் ஆப்ல அவங்களே பார்க்க முடியும். அதை ஒருத்தருக்குக் கத்துக்கொடுக்க அஞ்சு நிமிஷம் போதும்.

லைசென்ஸும் பயிற்சியும்

2005-ல தனியார் பாதுகாப்பு நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்துச்சு. துறையில இருக்கிறவங்க 'பசாரா'ன்னு சொல்வாங்க. இதன்படி லைசென்ஸ் இல்லாம செக்யூரிட்டி ஏஜென்சி நடத்தினா ஒரு வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ரெண்டும் சேர்த்து. லைசென்ஸோட காலம் 5 வருஷம். அதனால நகல் வாங்கும்போது முடியுற தேதியையும் பாருங்க.

பயிற்சி பத்தியும் விதி இருக்கு. மத்திய அரசோட மாதிரி விதிகள்படி, புதுசா சேர்ற காவலாளிக்கு வகுப்புல 100 மணி நேரம், களத்துல 60 மணி நேரம். ரிட்டயர்டு ராணுவத்தினர், போலீஸ்காரங்களுக்கு மட்டும் இது குறைவு. 15 காவலாளிக்கு மேல போகாம ஒரு சூப்பர்வைசரும் இருக்கணும். நடைமுறையில, நேத்து ஊர்ல இருந்து ரயில்ல வந்து இறங்கினவர் இன்னைக்கு யூனிஃபார்ம் போட்டு உங்க கேட்ல நிக்கலாம். அதனால ஆள் வரும்போதே பயிற்சிச் சான்றிதழ், போலீஸ் சரிபார்ப்பு ரெண்டையும் கேட்டு வாங்கிடுங்க. அதுக்கு மேல, உங்க வளாகத்துக்குன்னு ஒரு முழு நாள், சம்பளத்தோட. மெயின் ஸ்விட்ச் எங்க, தீயணைப்பு வால்வு எங்க, லிஃப்ட்ல யாராவது மாட்டினா முதல்ல யாரைக் கூப்பிடணும், இதெல்லாம் நடந்து பார்த்தாதான் தெரியும்.

எது வேலை, எது வேலை இல்லை

சர்வர் விழுந்தா என்ன செய்யணும்னு நாம ரன்புக் எழுதி வைக்கிறோம் இல்லையா? இந்தத் துறையில அதுக்குப் பேர் போஸ்ட் ஆர்டர். ஒவ்வொரு போஸ்ட்டுக்கும் ஒரே ஒரு பக்கம். டெலிவரி வந்தா என்ன, விசிட்டர் ஆப் வேலை செய்யலைன்னா என்ன, தீன்னா என்ன. 112, 108, மேனேஜர், எலெக்ட்ரீஷியன், எல்லா நம்பரும் பெரிய எழுத்துல. அஸ்ஸாம், பீகார், ஒடிசான்னு பல ஊர்ல இருந்து வந்து இந்த வேலை பார்க்கிறாங்க. அவர் படிக்கிற மொழியில அந்தப் பக்கம் இருக்கணும், முடிஞ்சா படத்தோட.

அதே பக்கத்துல 'செய்யக் கூடாதது' பட்டியலும் வேணும். தண்ணி கேனை மூணாவது மாடிக்குத் தூக்கிட்டுப் போறது, கார் கழுவுறது, கடைக்கு ஓடுறது. அவர் கேன் தூக்கிட்டுப் போற அந்த அஞ்சு நிமிஷமும் கேட் காலி.

இன்னொண்ணு, அதிகாரம். ரெசிடென்ட்டோட ஃப்ரெண்டை நிறுத்தி "என்ட்ரி போடுங்க சார்"னு சொன்னதுக்காகத் திட்டு வாங்கி, மறுநாள் வேற சைட்டுக்கு அனுப்பப்பட்ட காவலாளிகள் உண்டு. அதைப் பார்த்த மத்தவங்க என்ன கத்துக்குவாங்க? யாரையும் நிறுத்தாம இருக்கிறதுதான் பாதுகாப்புன்னு. அவங்க பாதுகாப்பைச் சொல்றேன், உங்களோடது இல்லை. போஸ்ட் ஆர்டர்படி நடந்த ஒருத்தரை வாட்ஸ்அப் புகாருக்காக மாத்த மாட்டோம்னு கமிட்டி எழுதியே வைக்கணும்.

எதை அளக்கணும்

ரவுண்ட்ஸ் ரெஜிஸ்டரைப் பார்த்தீங்கன்னா ராத்திரி 12, 1, 2, 3 மணின்னு வரிசையா கையெழுத்து இருக்கும். பல சமயம் எல்லாம் ஒரே பேனா, ஒரே வேகம், விடியக்காலையில ஒரே மூச்சுல போட்டது. செக்பாயின்ட்ல க்யூஆர் ஸ்டிக்கர் ஒட்டி ஸ்கேன் பண்ணச் சொன்னா கொஞ்சம் பரவாயில்லை. ஆனா ஸ்கேன் எண்ணிக்கை மட்டும் இலக்கா ஆச்சுன்னா, கால் நடக்கும், கண் பார்க்காது. "பேஸ்மென்ட் ரெண்டுல லைட் எரியல"ன்னு அவர் எழுதினா அடுத்த நாளே சரி பண்ணுங்க. மூணு தடவை எழுதியும் யாரும் கண்டுக்கலைன்னா நாலாவது தடவை எழுத மாட்டார்.

அபராதத்துலயும் கவனம் தேவை. 'போஸ்ட் காலியா இருந்தா ஏஜென்சிக்கு ஃபைன்'னு மட்டும் போட்டா, ஏஜென்சி என்ன பண்ணும்? ஏற்கெனவே நின்னுட்டிருக்கிறவரையே இன்னொரு ஷிஃப்ட்டும் நிக்க வைக்கும். போஸ்ட் நிரம்பிடுச்சு, ஆனா அங்க விழிச்சிருக்கிற ஆள் இல்லை. அதனால டபுள் டூட்டியையும் அதே அளவு தப்பா எழுதுங்க. அபராதத்தைக் காவலாளி சம்பளத்துல பிடிக்கக் கூடாதுன்னும் சேருங்க.

மாசா மாசம் மூணு எண் போதும். டபுள் டூட்டி எத்தனை? மூணு மாசத்துல எத்தனை முகம் மாறுச்சு? சொல்லாம வெச்ச சோதனையில எத்தனை பாஸ்? சோதனைன்னா பெரிசா ஒண்ணும் இல்லை. தெரியாத ஒருத்தர் பீட்சா பையோட உள்ளே போகப் பார்க்கட்டும். முகம் மாறுறது ஏன் முக்கியம்னா, இந்த நேரத்துல இந்த ஆள் இங்க வர மாட்டாரேன்னு சந்தேகப்பட, வழக்கமா வர்றவங்களை முதல்ல தெரிஞ்சிருக்கணும். ஆள் நிலைக்கலைன்னா அந்தப் பழக்கமே வராது.

நாற்காலி, ஃபேன், கழிப்பறை

2021-ல தமிழ்நாட்டுல கடைகள், நிறுவனங்கள் சட்டத்துல திருத்தம் வந்து, கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கட்டாயம் ஆச்சு. நாள் முழுக்க நின்னா உடம்பு என்ன ஆகும்னு அரசாங்கமே ஒத்துக்கிட்டது. உங்க கேட் கேபின்ல என்ன இருக்குன்னு ஒரு தடவை எட்டிப் பாருங்க. மே மாச வெயில்ல ஃபேன் ஓடுதா? குடிதண்ணி இருக்கா? கழிப்பறை எவ்வளவு தூரம், அவர் போயிட்டு வர்ற வரைக்கும் கேட்டை யார் பார்ப்பாங்க? இதுக்கு ஆகுற செலவு கேமரா பட்ஜெட்ல ஒரு ஓரம்தான்.

கேட்கிறவங்கள்ல நிறைய பேர் வாடகைக்கு இருப்பீங்க, கமிட்டியில ஓட்டு இருக்காது. ஆனா மெயின்டனன்ஸ் காசு உங்க பாக்கெட்ல இருந்தும்தான் போகுது. மேனேஜரைப் பார்க்கும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "நம்ம நைட் செக்யூரிட்டி அண்ணனுக்கு வார லீவு என்னைக்கு?" அவர்கிட்ட சட்டுனு ஒரு கிழமை பதிலா வந்தா, உங்க ஒப்பந்தம் ஓரளவு நல்லா இருக்கு. யோசிச்சார்னா, இந்த எபிசோடை அவருக்கு ஃபார்வர்டு பண்ணுங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.